கற்பனைத் துடுப்பாட்டத்தில் வீரர் தேர்வு

கற்பனைத் துடுப்பாட்டத்தில் வீரர் தேர்வு என்பது, நடக்கவிருக்கும் உண்மையான துடுப்பாட்டப் போட்டி ஒன்றில் ஆடும் இரு அணிகளின் வீரர்களிலிருந்து பதினொருவரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுள் ஒருவரைத் தலைவராகவும் மற்றொருவரைத் துணைத் தலைவராகவும் குறிக்கும் முடிவு ஆகும். வீரர்கள் களத்தில் எடுக்கும் ஓட்டங்கள், வீழ்த்தும் விக்கெட்டுகள், பிடிக்கும் பந்துகள் ஆகியவற்றுக்கு ஏற்பக் கற்பனை அணிக்குப் புள்ளிகள் சேரும். கூடுதல் புள்ளிகள் பெற்ற அணியை அமைத்தவர் வென்றவராவார். மேற்கு நாடுகளில் காற்பந்து, அமெரிக்கக் காற்பந்து, அடிபந்தாட்டம் ஆகியவற்றை வைத்து ஆடப்படும் இவ்வகை ஆட்டம், இந்தியாவில் பெரும்பாலும் கிரிக்கெட்டை ஒட்டியே வளர்ந்தது.

யாரை ஆட வைப்பது என்ற இக்கேள்வி நிகழ்தகவு சார்ந்த ஒரு முடிவெடுத்தல் சிக்கல் ஆகும். அதற்கான விடை எந்த அளவுக்குத் திறமையைச் சார்ந்தது, எந்த அளவுக்குத் தற்செயலைச் சார்ந்தது என்பதைப் பொறுத்தே இவ்வாட்டத்தின் சட்ட நிலை இந்தியாவில் பல ஆண்டுகள் தீர்மானிக்கப்பட்டு வந்தது. அந்தச் சட்டக் கோட்பாட்டை வகுத்த முதன்மையான வழக்குகளில் ஒன்று, தென்சென்னையில் உள்ள கிண்டி குதிரைப் பந்தயத் திடலைப் பற்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

வரலாறு

தோற்றம்

அமெரிக்காவின் ஓக்லாந்து ரைடர்சு காற்பந்துக் கழகத்தின் பங்குதாரர்களுள் ஒருவரான வில்பிரெட் விங்கன்பாக் என்பவர் 1962இல் தம் நண்பர்களுடன் சேர்ந்து அமெரிக்கக் காற்பந்துக்கான முதல் கற்பனைக் கூட்டிணைவை உருவாக்கினார். 1980இல் எழுத்தாளர் டேனியல் ஓக்ரெண்ட் அடிபந்தாட்டத்துக்கு இத்தகைய ஆட்டம் ஒன்றை வடிவமைத்தார். அவரும் நண்பர்களும் கூடிய நியூயார்க் உணவகத்தின் பெயரால் அது ரொட்டிசெரி எனப்பட்டது. இவ்வாட்டங்களில் ஒருவர் ஆண்டு முழுவதற்குமாக ஒரு வீரர் குழுவை வைத்திருப்பார். ஒவ்வொரு வாரமும் அக்குழுவிலிருந்து சிலரைக் களமிறக்கி, மற்றவர்களை மாற்று இருக்கையில் அமர்த்த வேண்டும். களமிறக்கப்பட்டவர்களின் புள்ளிகள் மட்டுமே கணக்கில் சேரும்.

இங்கிலாந்தின் பிரிமியர் லீக் காற்பந்துக்கான அதிகாரப்பூர்வக் கற்பனை ஆட்டம் 2002இல் தொடங்கப்பட்டது. இதில் 10 கோடி பவுண்டு கற்பனை வரவு செலவுத் தொகைக்குள் 15 வீரர்களை வாங்க வேண்டும். ஒரே கழகத்திலிருந்து மூவருக்கு மேல் எடுக்க இயலாது. பதினைந்து பேரில் பதினொருவர் களமிறங்குவர். நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை.

இந்தியாவில்

2000களின் தொடக்கத்தில் ஈஎஸ்பிஎன் ஸ்டார் தொலைக்காட்சி நிறுவனம் சூப்பர் செலக்டர் என்ற கற்பனைத் துடுப்பாட்டத்தை நடத்தியது. இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கிய 2008ஆம் ஆண்டில் ஹர்ஷ் ஜெயின், பவித் சேத் ஆகிய இருவர் மும்பையில் டிரீம்11 நிறுவனத்தைத் தொடங்கினர். ஆண்டு முழுவதற்கும் ஒரே குழு என்ற முறைக்கு மாறாக, ஒரு போட்டிக்கு ஓர் அணி என்ற குறுகிய வடிவம் இந்தியாவில் பரவியது. இந்நிறுவனம் 2020இல் இந்தியன் பிரீமியர் லீக்கின் பெயர்ப் புரவலராகவும், 2023 முதல் ஆகஸ்ட் 2025 வரை இந்திய அணியின் சீருடைப் புரவலராகவும் இருந்தது.

ஆட்ட அமைப்பு

ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மதிப்பு வழங்கப்பட்டிருக்கும். பதினொருவரின் மொத்த மதிப்பு 100ஐத் தாண்டக்கூடாது. எனவே சிறந்த வீரர்கள் அனைவரையும் ஒருவரே எடுத்துக்கொள்ள இயலாது. புள்ளிமுறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதுடன் காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டும் வந்துள்ளது. 2020களின் முற்பகுதியில் இருபது20 போட்டிகளுக்குப் பின்பற்றப்பட்ட முறை ஒன்றின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

• ஓர் ஓட்டம்: 1 புள்ளி
• நான்கு ஓட்ட அடி: கூடுதலாக 1 புள்ளி
• ஆறு ஓட்ட அடி: கூடுதலாக 2 புள்ளிகள்
• ஒரு விக்கெட், ரன் அவுட் நீங்கலாக: 25 புள்ளிகள்
• ஒரு பிடி: 8 புள்ளிகள்
• ஒரு ஸ்டம்பிங்: 12 புள்ளிகள்
• ஓட்டமின்றி ஆட்டமிழக்கும் மட்டையாளர்: 2 புள்ளிகள் குறைப்பு
• தலைவர்: அவர் பெற்ற புள்ளிகள் இரு மடங்கு
• துணைத் தலைவர்: அவர் பெற்ற புள்ளிகள் ஒன்றரை மடங்கு

இப்பட்டியலிலிருந்து தெரிய வருவது, களத்தில் நல்ல வீரர் என்பதும் கற்பனை அணிக்கு நல்ல வீரர் என்பதும் ஒன்றல்ல என்பதாகும். மூன்று விக்கெட் வீழ்த்தும் பந்து வீச்சாளர் 75 புள்ளிகள் பெறுகிறார். அதே புள்ளிகளுக்கு ஒரு மட்டையாளர் அரைச் சதத்தைக் கடந்து ஆட வேண்டும். நெருக்கடியான நேரத்தில் ஓட்டம் கொடுக்காமல் வீசி எதிரணியைத் திணறடிப்பவருக்குச் சிக்கன வீச்சுக்கான சில புள்ளிகளே கிடைக்கும். அந்த நெருக்கடியால் மறுமுனையில் விழும் விக்கெட்டுகளின் புள்ளிகள் வேறொருவரைச் சேரும்.

தேர்வுக்கான காரணிகள்

களமிறங்கும் உறுதி

களமிறங்காத வீரருக்குப் புள்ளி இல்லை. ஆகவே முதற் கேள்வி, இவர் ஆடுவாரா என்பதே. இந்தியன் பிரீமியர் லீக்கின் மாலைப் போட்டிகளில் நாணயச் சுழற்சி 7:00 மணிக்கும் ஆட்டம் 7:30 மணிக்கும் நடைபெறுகின்றன. அணிப் பட்டியல் வெளியாவதற்கும் கற்பனை அணியை இறுதி செய்வதற்கும் இடையே இருப்பது இந்த அரை மணி நேரம் மட்டுமே. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் வாழ்பவர்களுக்கு இது வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமாகும். கடற்கரை–தாம்பரம் மின்தொடர் வண்டியிலோ ராஜீவ் காந்தி சாலைப் பேருந்திலோ இருக்கும் ஒருவர், முந்தைய இரவே அணியை அமைத்துவிட்டு, நாணயச் சுழற்சிக்குப் பின் அதைச் சரிபார்க்கத் தவறினால், களமிறங்காத வீரர் ஒருவர் அவரது அணியில் தங்கிவிடக்கூடும்.

2023இல் அறிமுகமான தாக்க வீரர் விதி இக்கணக்கைச் சிக்கலாக்கியது. இவ்விதியின்படி ஓர் அணி, ஆட்டத்தின் நடுவே பதினொருவருள் ஒருவரை நீக்கிவிட்டு, முன்பே அறிவித்த மாற்று வீரர் பட்டியலிலிருந்து ஒருவரைக் கொண்டு வரலாம். 31 மார்ச் 2023 அன்று அகமதாபாத்தில் நடந்த முதற் போட்டியில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி மட்டையாளர் அம்பாட்டி ராயுடுவுக்குப் பதிலாகப் பந்து வீச்சாளர் துசார் தேஷ்பாண்டேயைக் கொண்டு வந்தது. இதுவே இவ்விதியின் முதற் பயன்பாடாகும். 24 மே 2024 அன்று சென்னை சேப்பாக்கத்தில் நடந்த இரண்டாம் தகுதிப் போட்டியில், ஐதராபாத் அணிக்குத் தாக்க வீரராக வந்த ஷாபாஸ் அகமது 18 ஓட்டங்கள் எடுத்து, 23 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை வீழ்த்தி ஆட்ட நாயகன் ஆனார். நாணயச் சுழற்சியின்போது அறிவிக்கப்பட்ட பதினொருவரை மட்டும் பார்த்து அணி அமைத்தவர்களிடம் அவர் இருந்திருக்க முடியாது.

வாய்ப்பின் அளவு

ஒரு வீரரின் திறமையை விட, அத்திறமையைக் காட்ட அவருக்குக் கிடைக்கும் பந்துகளின் எண்ணிக்கையே பல நேரங்களில் புள்ளிகளை முடிவு செய்கிறது. இதற்கு 2023 தொடரில் சென்னை அணி தக்க எடுத்துக்காட்டாகும். அவ்வாண்டு மகேந்திரசிங் தோனி 12 இன்னிங்சில் 57 பந்துகளை மட்டுமே எதிர்கொண்டு 104 ஓட்டங்கள் எடுத்தார். நூறு பந்துகளுக்கு 182 என்ற அவரது வேகம் வியக்கத்தக்கது. ஆயினும் ஓர் இன்னிங்சுக்கு அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 5 பந்துகளே. சராசரியாக 9 ஓட்டங்களுக்கும் குறைவாகவே சேர்ந்தன. அதே அணியின் தொடக்க மட்டையாளர் டெவன் கான்வே 15 இன்னிங்சில் 672 ஓட்டங்கள் குவித்தார். இது இன்னிங்சுக்கு ஏறத்தாழ 45 ஆகும். விரும்பும் வீரரை எடுப்பதற்கும் புள்ளி தரும் வீரரை எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

இருபது20 போட்டியில் ஓர் அணிக்கு 120 பந்துகள் உண்டு. தொடக்க மட்டையாளர் ஆட்டமிழக்கும் வரை அவற்றில் பாதியை எதிர்கொள்ள வாய்ப்புள்ளது. ஏழாம் இடத்தில் இறங்குபவருக்கு மிகச் சில பந்துகளே கிட்டும். முதல் மூவர் நன்றாக ஆடினால் அதுவும் கிட்டாது. பந்து வீச்சாளருக்கோ உச்ச வரம்பு நான்கு ஓவர்கள், அதாவது 24 பந்துகள். தன் அணியின் நான்கு ஓவர்களையும் தவறாமல் வீசுபவர், அதிலும் மட்டையாளர்கள் துணிந்து அடித்தாடும் இறுதி ஓவர்களை வீசுபவர், விக்கெட் வாய்ப்பு மிகுந்தவர் ஆவார். மட்டை, பந்து இரண்டிலும் பங்கு பெறும் சகலதுறை ஆட்டக்காரருக்கு இரண்டு வாய்ப்புகள் இருப்பதால், ஒன்றில் சறுக்கினாலும் மற்றொன்றில் ஈடு செய்ய இயலும்.

ஆடுகளமும் சூழலும்

சேப்பாக்கம் மு. அ. சிதம்பரம் அரங்கம் சுழற்பந்து வீச்சுக்குத் துணைபுரியும் ஆடுகளமாக நெடுங்காலமாக அறியப்படுகிறது. 23 மார்ச் 2019 அன்று இங்கு நடந்த தொடரின் முதற் போட்டியில் பெங்களூர் அணி 70 ஓட்டங்களில் சுருண்டது. வீழ்ந்த பத்து விக்கெட்டுகளில் எட்டை ஹர்பஜன் சிங், இம்ரான் தாகிர், ரவீந்திர ஜடேஜா ஆகிய மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள் பகிர்ந்துகொண்டனர். எனினும் ஆடுகளம் ஆண்டுதோறும், ஒரே தொடருக்குள்ளும் மாறக்கூடியது. இரவுப் போட்டிகளில் பனி இறங்கினால் பந்து ஈரமாகிச் சுழற்பந்து வீச்சாளர்களின் பிடி நழுவும். ஆகவே இரண்டாவதாகப் பந்து வீசும் அணியின் சுழற்பந்து வீச்சாளரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பனியின் வாய்ப்பையும் கருத வேண்டும்.

அண்மை ஆட்டத்திறன்

கடந்த இரண்டு, மூன்று போட்டிகளின் எண்களைப் பார்த்து முடிவெடுப்பது பரவலான பழக்கம். ஆனால் இவ்வளவு சிறிய மாதிரியிலிருந்து கிடைக்கும் செய்தி மிகக் குறைவு. ஒரு வீரரின் புள்ளிகளுக்கான திட்ட விலக்கம் 25 எனக் கொள்வோம். மூன்று போட்டிகளின் சராசரியில் உள்ள திட்டப் பிழை ஏறத்தாழ 14 ஆகும். இருபத்தைந்து போட்டிகளின் சராசரியில் அது 5 ஆகக் குறைகிறது. எனவே மூன்று போட்டிகளில் சராசரி 50 எடுத்தவர், சராசரி 40 எடுத்தவரை விட மேலானவர் என்று உறுதியாகக் கூற இயலாது.

அணிகளுக்கும் இது பொருந்தும். 15 ஏப்ரல் 2024 அன்று பெங்களூரில் 3 விக்கெட் இழப்புக்கு 287 ஓட்டங்கள் குவித்த ஐதராபாத் அணி, 26 மே அன்று சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியில் 113 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. தொடர் முழுவதும் அதிரடியாக ஆடிய டிராவிஸ் ஹெட் அன்று முதற் பந்திலேயே ஆட்டமிழந்தார்.

உள்ளூர் அறிவு

அனைவருக்கும் கிடைக்காத செய்தியே தேர்வில் உண்மையான மேன்மையைத் தருகிறது. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடரைக் கவனித்து வந்தவர்கள் சில வீரர்களை நாடு அறிவதற்கு முன்பே அறிந்திருந்தனர். தாம்பரத்துக்குத் தெற்கே காட்டாங்குளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்ற வருண் சக்கரவர்த்தி, சென்னையின் கீழ்நிலைக் கழகப் போட்டிகளில் ஆடி வந்தவர். 2018 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மதுரை அணி வாகை சூடியபோது அவரது பந்து வீச்சு கவனம் பெற்றது. அடுத்த ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 8.4 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பின்னர் கொல்கத்தா அணிக்கு மாறிய அவர், அவ்வணி கோப்பை வென்ற 2024 தொடரில் 21 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ராஜீவ் காந்தி சாலையை ஒட்டிய காலவாக்கத்தில் உள்ள எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் பயின்றவர் ரவிச்சந்திரன் அசுவின். எனினும், ஒரு வீரர் நம் ஊர்க்காரர் என்பது அவரைப் பற்றி நாம் கூடுதலாக அறிந்திருப்பதற்கான காரணமே தவிர, அவர் கூடுதல் புள்ளி எடுப்பதற்கான காரணம் ஆகாது.

தலைவர் தேர்வு

தலைவரின் புள்ளிகள் இரு மடங்காவதால், பதினொருவரில் மிகுந்த பயன் தரும் ஒற்றை முடிவு இதுவே ஆகும். ஒரே பதினொருவரைத் தேர்ந்தெடுத்த இருவர், தலைவர் வேறுபட்டதால் மட்டுமே வென்றவராகவும் தோற்றவராகவும் பிரிகின்றனர்.

இதில் சராசரியை மட்டும் பார்ப்பது போதாது. எடுத்துக்காட்டாக, அ என்ற வீரர் பெரும்பாலான போட்டிகளில் 40 முதல் 50 வரை புள்ளிகள் எடுப்பவர். அவரது சராசரி 45. ஆ என்ற வீரர் பத்துப் போட்டிகளில் ஏழில் 15 புள்ளிகளும், மூன்றில் 90 புள்ளிகளும் எடுப்பவர். அவரது சராசரி 37.5. இருவர் மட்டும் மோதும் போட்டியிலோ, நண்பர்கள் பத்துப் பேர் ஆடும் தொடரிலோ அ என்பவரே பொருத்தமான தலைவர். ஆயிரக்கணக்கானோர் பங்கேற்று, முதல் சில இடங்களுக்கு மட்டும் பெரும் பரிசு வழங்கும் போட்டியில் 45 புள்ளிகள் எடுக்கும் தலைவரால் முதலிடம் கிட்டாது. அங்கு ஆ என்பவரின் 90 தேவைப்படுகிறது, பத்தில் ஏழு முறை தோற்க நேரும் என்று தெரிந்தும்.

மற்றவர்கள் யாரைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதும் கருதத்தக்கது. எல்லோரும் ஒரே வீரரைத் தலைவராக்கினால், அவர் சதமடித்தாலும் யாரும் யாரையும் முந்த முடியாது. முன்னிலையில் இருப்பவர் மற்றவர்களின் தேர்வையே பின்பற்றி இடைவெளியைக் காக்கலாம். பின்தங்கியிருப்பவருக்கு வேறுபட்ட தேர்வே வழி.

முடிவும் விளைவும்

சரியான முடிவு எப்போதும் நல்ல விளைவைத் தருவதில்லை. 2023 இந்தியன் பிரீமியர் லீக் இறுதிப் போட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குஜராத் அணியின் சுப்மன் கில் அதற்கு முன் 16 போட்டிகளில் 851 ஓட்டங்கள், அதாவது போட்டிக்கு 53 ஓட்டங்கள் எடுத்திருந்தார். அதற்கு முந்தைய போட்டியில்தான் 60 பந்துகளில் 129 ஓட்டங்கள் விளாசியிருந்தார். அதே அணியின் சென்னையைச் சேர்ந்த சாய் சுதர்சன் 7 போட்டிகளில் 266 ஓட்டங்கள், அதாவது போட்டிக்கு 38 ஓட்டங்கள் எடுத்திருந்தார். இவ்விருவருள் ஒருவரைத் தலைவராக்க வேண்டுமெனில், எண்கள் கில் பக்கமே இருந்தன.

இறுதிப் போட்டியில் கில் 39 ஓட்டங்களில் ஜடேஜாவின் பந்தில் தோனியால் ஸ்டம்பிங் செய்யப்பட்டார். சாய் சுதர்சன் 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் எடுத்தார். கில்லைத் தலைவராக்கியவர் தோற்றிருக்கலாம். ஆனால் அவர் தவறாக முடிவெடுத்தார் என்று கூற முடியாது. அதே நிலைமை பலமுறை வந்தால் அத்தேர்வே கூடுதல் புள்ளிகளைத் தரும். ஒரு முடிவை, அது எடுக்கப்பட்டபோது கையில் இருந்த செய்திகளைக் கொண்டே மதிப்பிட வேண்டும். பணம் வைத்து ஆடுபவர்கள் இவ்வேறுபாட்டை மறப்பதால் இரு வகையான பிழைகள் நேர்கின்றன. தற்செயலாக வென்றவர் அதைத் தன் திறமை என எண்ணித் தொகையைக் கூட்டுகிறார். தற்செயலாகத் தோற்றவர் அடுத்த போட்டியில் மீட்டுவிடலாம் என எண்ணித் தொகையைக் கூட்டுகிறார்.

திறமையா, தற்செயலா

கிண்டி குதிரைப் பந்தய வழக்கு

திறமை மேலோங்கிய போட்டி சூதாட்டம் ஆகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1957இல் ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்கில் கூறியது. 1974இல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. கிண்டியில் பந்தயம் நடத்தி வந்த மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான இவ்வழக்கில், 12 ஜனவரி 1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. டாக்டர் கே. ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்று அறியப்படும் இத்தீர்ப்பு, குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டுநரின் திறன் ஆகியவை பந்தயத்தின் முடிவைத் தீர்மானிப்பதால் அது திறமை மேலோங்கிய விளையாட்டே என்றது. தமிழ்நாடு அரசு குத்தகையை நீக்கி, 9 செப்டம்பர் 2024 அன்று கிண்டித் திடலுக்கு முத்திரையிட்டது. திடலின் பயன்பாடு மாறினாலும், அதன் பெயரால் அமைந்த கோட்பாடு வேறு துறைகளுக்குப் பரவிவிட்டிருந்தது.

கற்பனை விளையாட்டு வழக்குகள்

டிரீம்11 ஆட்டத்தில் பணம் இழந்த ஒருவர் தொடர்ந்த வழக்கில், பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம் 18 ஏப்ரல் 2017 அன்று லட்சுமணன் வழக்கின் தீர்ப்பை எடுத்துக்காட்டி, வீரர்களின் ஒப்பீட்டு மதிப்பை எடைபோடுவதற்குத் திறமை தேவைப்படுவதால் இது சூதாட்டமல்ல எனத் தீர்ப்பளித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் இதே நிலைப்பாட்டை மேற்கொண்டது.

தமிழ்நாட்டுச் சட்டங்கள்

இணையவழி ஆட்டங்களில் பணம் இழந்தோர் தற்கொலை செய்துகொண்ட நிகழ்வுகளைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு நவம்பர் 2020இல் அவசரச் சட்டமும் பின்னர் 2021இல் திருத்தச் சட்டமும் கொண்டுவந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 3 ஆகஸ்ட் 2021 அன்று அச்சட்டத்தை நீக்கியது. ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழு ஜூன் 2022இல் அறிக்கை அளித்தது. அக்டோபர் 2022இல் சட்டப்பேரவை இணையவழிச் சூதாட்டத் தடை மற்றும் இணையவழி விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்ட முன்வடிவை நிறைவேற்றியது. ஆளுநர் அதனைத் திருப்பி அனுப்பினார். மார்ச் 2023இல் பேரவை மீண்டும் நிறைவேற்றியதை அடுத்து ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

இச்சட்டத்தின் கீழ் 2025இல் வெளியான விதிமுறைகள், பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களில் 18 வயதுக்கு உட்பட்டோருக்குத் தடை விதித்தன. ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, நள்ளிரவு முதல் அதிகாலை 5 மணி வரை ஆட்டத்தை நிறுத்தி வைத்தன. சென்னை உயர் நீதிமன்றம் 3 ஜூன் 2025 அன்று இவ்விதிமுறைகளை உறுதி செய்தது.

2025 நடுவண் அரசுச் சட்டம்

இணையவழி விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்ட முன்வடிவு 20 ஆகஸ்ட் 2025 அன்று மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 ஆகஸ்ட் அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டம் திறமையைச் சார்ந்ததா தற்செயலைச் சார்ந்ததா என்ற வேறுபாட்டை இச்சட்டம் கருதவில்லை. நடத்துவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும், விளம்பரப்படுத்துவோருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் 50 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க இதில் வழியுண்டு. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. டிரீம்11 உள்ளிட்ட நிறுவனங்கள் கட்டணப் போட்டிகளை நிறுத்தின. இச்சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 2025இல் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

பணக் கணக்கு

கட்டணப் போட்டிகளில் நடத்தும் நிறுவனம் தனக்கென ஒரு பங்கை எடுத்துக்கொண்டு எஞ்சியதையே பரிசாக வழங்கும். இருவர் தலா 50 ரூபாய் செலுத்தி, வெல்பவர் 85 ரூபாய் பெறும் ஒரு போட்டியைக் கருதுவோம். இருவரும் சம திறமை உடையவர்கள் எனில், நூறு போட்டிகளில் ஒருவர் செலுத்துவது 5,000 ரூபாய். சராசரியாகத் திரும்பப் பெறுவது 4,250 ரூபாய். இழப்பின்றி ஆட வேண்டுமெனில் நூற்றில் 59 போட்டிகளை வென்றாக வேண்டும். 1 அக்டோபர் 2023 முதல் செலுத்தும் தொகையின் மீது 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. இவ்வரியை முழுதும் ஆடுபவரே ஏற்றால், அவர் செலுத்தும் 100 ரூபாயில் 78 ரூபாயே ஆட்டத்துக்குக் கிடைக்கும். 1 ஏப்ரல் 2023 முதல் நிகர வெற்றித் தொகையில் 30 விழுக்காடு வருமான வரியும் பிடிக்கப்பட்டது.

இவ்வாட்டத்தில் திறமைக்கு இடமில்லை என்பது இதன் பொருளன்று. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, கற்பனை விளையாட்டுகளில் நீண்ட கால வெற்றியில் திறமைக்குப் பெரும் பங்கு உண்டு எனக் கண்டது. ஆனால் திறமை இருப்பதே பெரும்பாலோரின் இழப்புக்கும் காரணமாகிறது. அமெரிக்காவில் 2015 அடிபந்தாட்டப் பருவத்தின் முதற் பாதியில், தினசரிக் கற்பனை ஆட்டங்களில் ஆடியோர் ஈட்டிய இலாபத்தில் 91 விழுக்காட்டை 1.3 விழுக்காட்டினர் மட்டுமே பெற்றனர் என ஒரு பகுப்பாய்வு காட்டியது. கணினி நிரல்களும் பெருமளவு தரவுகளும் கொண்டு, ஒரே போட்டிக்குப் பல அணிகளை அமைப்பவர்களுடன், வீடு திரும்பும் வழியில் கைப்பேசியில் ஓர் அணியை அமைப்பவர் மோதுகிறார். சீட்டுக் குலுக்கலில் அனைவருக்கும் ஒரே வாய்ப்பு. திறமை ஆட்டத்தில் அவ்வாறன்று. எனவே ஓர் ஆட்டம் திறமையைச் சார்ந்தது என்ற தீர்ப்பு, அது ஆடுபவருக்குப் பாதுகாப்பானது என்ற உறுதியாகாது.

கட்டணமற்ற ஆட்டங்கள்

பணம் தொடர்பில்லாத கற்பனை ஆட்டங்கள் தொடர்ந்து நடைபெறுகின்றன. பிரிமியர் லீக் காற்பந்து ஆட்டத்தில் நண்பர்களோ உடன் பணிபுரிவோரோ தமக்குள் தனிக் கூட்டிணைவு அமைத்துக்கொள்ளலாம். அதில் அணிப் பட்டியல்கள் வெளியாகும் முன்பே தேர்வுக் கெடு முடிந்துவிடுவதால், களமிறங்கும் உறுதியை ஊகிப்பது துடுப்பாட்டத்தை விடக் கடினம். களமிறங்காத வீரருக்குப் பதிலாக மாற்று இருக்கையில் உள்ளவர் தானாகச் சேர்க்கப்படுவது இதன் ஈடாகும்.

நிகழ்தகவு, சராசரி, திட்ட விலக்கம் ஆகியவற்றைப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் தாம் விரும்பும் தரவுகளைக் கொண்டு பயில்வதற்கும் இவ்வாட்டங்கள் உதவும். ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் தேர்வையும் அதற்கான காரணத்தையும் குறித்து வைத்து, தொடர் முடிந்தபின் சரிபார்த்தால், எவை சரியான முடிவுகள், எவை நற்பேறு என்பதைப் பிரித்தறியலாம்.

இவற்றையும் பார்க்கவும்

• இந்தியன் பிரீமியர் லீக்
• தமிழ்நாடு பிரீமியர் லீக்
• நிகழ்தகவு
• திட்ட விலக்கம்
• மு. அ. சிதம்பரம் அரங்கம்
• கிண்டி